முதல் துப்பாக்கியைச் சந்தையில் வாங்காதே

டல்சா, ஓக்லஹோமா

அன்புள்ள மாப்பிள்ளை செந்திலுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. கிரீன் கார்டு கைக்கு வந்ததில் எனக்கும் அத்தைக்கும் அளவில்லாத மகிழ்ச்சி. அந்தச் செய்திக்குக் கீழேயே இன்னொன்றும் கேட்டிருந்தாய்: ஏப்ரல் மாத கன் ஷோவுக்கு டல்சா வந்து ஒரு கைத்துப்பாக்கியும், தோதுப்பட்டால் ஒரு ரைஃபிளும் வாங்கலாமா, கடையைவிட மலிவாகக் கிடைக்குமா என்று. வீட்டில் துப்பாக்கி வேண்டுமா என்பதை நீயும் கவிதாவும் பேசி முடித்துவிட்டீர்கள் என்பதால் அதில் நான் தலையிடவில்லை. எங்கே, எப்படி வாங்குவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வா. நாள் முழுக்கச் சுற்றிப் பார். ஆனால் உன் முதல் துப்பாக்கியை இங்கே வாங்காதே. கன் ஷோவில் லாபம் இல்லாமல் இல்லை. என்ன வேண்டும், அது என்ன விலை போகும் என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு வருகிறவனுக்குத்தான் அந்த லாபம். நீ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

எங்கள் ஊர் ஷோவின் பெயர் வானன்மேக்கர் டல்சா ஆர்ம்ஸ் ஷோ. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் நவம்பரிலும், சனி ஞாயிறுகளில் நடக்கும். ஒரே கூரைக்கு அடியில் ஏறக்குறைய 11 ஏக்கர். மேஜைகள் மட்டும் 4,000-க்கு மேல். உலகிலேயே பெரியது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். உள்ளே எல்லாம் துப்பாக்கி என்று நினைத்துவிடாதே. கத்தி, தோல் உறை, பழைய ராணுவச் சட்டை, நகை, உலர்ந்த மாட்டிறைச்சிப் பொட்டலம் என்று பாதி மேஜைகளில் வேறு சரக்குதான். சில ஆட்கள் மேஜை போடாமல், ரைஃபிளைத் தோளில் மாட்டி, குழல் முனையில் விலை எழுதிய சீட்டைக் குச்சியில் செருகிக்கொண்டு நடந்தே விற்பார்கள். நம் மணப்பாறை மாட்டுச் சந்தை மாதிரிதான்: பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவன் நல்ல மாட்டோடு திரும்புவான், தெரியாதவன் தரகன் சொன்னதை ஓட்டிக்கொண்டு திரும்புவான்.

முதலில் சட்டம். விலையைவிட இதுதான் உனக்கு முக்கியம்.

நீ டெக்சாஸ்வாசி, ஷோ நடப்பது ஓக்லஹோமாவில். கைத்துப்பாக்கியை உரிமம் பெற்ற டீலரிடம் வாங்கினாலும் நீ வசிக்கும் மாநிலத்தில்தான் கையில் பெற முடியும். இங்கே ஒன்று பிடித்துப் போனால், டீலர் அதை உன் ஊர் டீலர் ஒருவருக்கு அனுப்பி வைப்பார். நீ அங்கே போய்ப் படிவம் நிரப்பி எடுக்க வேண்டும். அனுப்பும் செலவும் உன் ஊர்க்காரர் வாங்கும் கைமாற்றுக் கட்டணமும் உன் தலையில்தான். ரைஃபிள், ஷாட்கன் என்றால் இரு மாநிலச் சட்டங்களுக்கும் பொருந்தும் வரை இங்கேயுள்ள டீலரிடமே வாங்கிப் போகலாம். ஆனால் சொந்தத் துப்பாக்கியை விற்க வந்திருக்கும் தனி ஆளிடம் நீ எதையுமே நேரடியாக வாங்கக் கூடாது. வெவ்வேறு மாநிலத்துத் தனியாட்களுக்கு இடையே டீலர் இல்லாமல் நடக்கும் விற்பனை கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்தக் குச்சிச் சீட்டுக்காரர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், "நான் டெக்சாஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

"அப்படியென்றால் நீங்கள் வாங்கி வையுங்கள் மாமா, பணம் அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தாய். அது முடியாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் வரை போன அப்ராம்ஸ்கி வழக்கு இதேதான். வர்ஜீனியாவில் இருந்த ஒரு முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று பென்சில்வேனியாவில் இருந்த தன் அங்கிளுக்காக ஒரு க்ளாக் 19 வாங்கினார். அங்கிளுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத் தடை ஏதும் இல்லை. பின்னால் முறைப்படி டீலர் வழியாகத்தான் அவருக்கு மாற்றியும் கொடுத்தார். ஆனாலும், உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்ற படிவக் கேள்விக்கு ஆம் என்று போட்டது பொய் என்று 5-4 கணக்கில் தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு 2022-இல் வந்த சட்டம், துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி இல்லாதவருக்கோ குற்றத்துக்குப் பயன்படுத்தப் போகிறவருக்கோ வாங்கித் தருவதைத் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. நம் கதை அந்த வகையில் வராது, ஆனால் படிவத்தில் பொய் சொன்ன வகையில் கச்சிதமாக வரும். கிரீன் கார்டு வாங்கிய கையோடு துப்பாக்கிக் குற்றத்தில் மாட்டுவது நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். நாற்பது டாலர் மிச்சத்துக்காக இருபது வருட உழைப்பை வைத்து விளையாட வேண்டாம்.

அந்தப் படிவத்தின் எண் 4473. எந்த டீலர் விற்றாலும், கடையோ ஷோவோ, இதை நிரப்பித்தான் ஆக வேண்டும். டீலர் எஃப்.பி.ஐ. நடத்தும் நிக்ஸ் என்ற சோதனைக்கு உன் விவரத்தை அனுப்புவார். 1998 நவம்பரிலிருந்து இந்த முறைதான். பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். குடியுரிமை பெறாதவர்களுக்குக் குடியேற்றப் பதிவுகளையும் சேர்த்துப் பார்ப்பதால் இழுக்கலாம். இழுத்தால் மூன்று வேலை நாட்கள் வரை டீலர் காத்திருக்க வேண்டும். ஷோ ஞாயிற்றுக்கிழமை மாலை மூடிவிடும். நீ டல்லாஸில் இருப்பாய், டீலர் கடை எந்த மூலையிலோ இருக்கும். உன் வீட்டுப் பக்கத்துக் கடை என்றால் புதன்கிழமை அலுவலகம் முடிந்து போய் எடுத்துக்கொள்வாய். அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதே. புது வீட்டுக்குப் போன பின் லைசென்ஸில் முகவரி மாற்றினாயா?

கஞ்சா பற்றியும் அதே படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. கொலராடோவில் கடை வைத்து விற்கிறார்களே என்பதெல்லாம் செல்லாது. மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உனக்குச் சொல்லவில்லை, உன் நண்பர் கூட்டத்துக்குச் சொல்கிறேன்.

நண்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. உன்னோடு வருவதாக எழுதியிருந்த அந்தப் பையன் இன்னும் எச்-1பி-யில்தானே இருக்கிறான்? அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே தடை இருக்கிறது. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு போலச் சில வழிகள் உண்டு. அவனிடம் அப்படி ஏதும் இல்லையென்றால் வேடிக்கை பார்க்கட்டும். ஒரு தோட்டாப் பெட்டியைக்கூட வாங்க வேண்டாம். நீயும் "கொஞ்சம் பிடி" என்று எதையும் அவன் கையில் கொடுக்காதே.

இனி விலை. நீ கேட்கும் வகை 9 எம்எம் கைத்துப்பாக்கி புதிதாகக் கடையில் சுமார் 500, 600 டாலர். இணையத்தில் எல்லாக் கடைகளின் விலையும் எல்லோர் கைபேசியிலும் தெரிகிற காலம் இது. ஷோவில் மேஜை வாடகை கொடுத்து உட்கார்ந்திருக்கும் டீலர் அதைவிடப் பெரிதாகக் குறைக்க மாட்டார். குறைத்தாலும் கணக்குப் போடு: போக வர ஐந்நூறு மைலுக்கு மேல் பெட்ரோல், நுழைவுச்சீட்டு, சாப்பாடு, மேலே சொன்ன கைமாற்றுக் கட்டணம். இதில் எந்தத் தள்ளுபடியும் கரைந்துவிடும். கடையில் வாங்கினால் வேறொன்றும் கிடைக்கும். சுடும் தளம் உள்ள கடைகளில் மூன்று நான்கு மாடல்களை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, உன் கைக்கு எது படிகிறது என்று தெரிந்து வாங்கலாம். கோளாறு என்றால் திரும்பப் போய்க் கேட்க அங்கே ஒரு முகம் இருக்கும். ஷோவில் சுட்டுப் பார்க்க வழியே இல்லை. திங்கட்கிழமை அந்த மேஜை இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரைதான் இருக்கும்.

உன் பக்கத்தில், ஃபோர்ட் வொர்த் வில் ராஜர்ஸ் மையத்தில் நடக்கும் ஷோக்களில் தனியாட்களிடம் வாங்கச் சட்டம் உனக்கு இடம் கொடுக்கும். டெக்சாஸில் ஒரு டெக்சாஸ்வாசி இன்னொருவருக்குச் சோதனை இல்லாமலே விற்கலாம். கலிபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் இது முடியாது. கொலராடோவில் ஏன் முடியாது என்று தெரிந்துகொள். 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலையில் பயன்பட்ட துப்பாக்கிகளில் மூன்றை, வயது நிரம்பிய ஒரு தோழி டென்வர் பக்கத்து ஷோவில் தனியாட்களிடமிருந்து வாங்கிக் கொடுத்திருந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநில மக்கள் வாக்களித்து, ஷோவில் நடக்கும் எல்லா விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். சட்டம் கேட்காத இடத்திலும் நீயாகக் கேள். சிறு கட்டணத்துக்கு உங்கள் இருவருக்கும் நடுவே நின்று படிவமும் சோதனையும் செய்து கொடுக்க ஒரு டீலர் அங்கேயே கிடைப்பார். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அந்தத் துப்பாக்கி உனக்கு வேண்டாம். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும், கொடுத்த காசு திரும்பாது. நாளைக்கு நீ விற்கும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடி.

அப்படியானால் ஷோவால் யாருக்குத்தான் பயன்? பழையதைத் தேடுகிறவனுக்கு. கடையில் இல்லாத வின்செஸ்டர், உற்பத்தி நின்றுபோன ரிவால்வருக்கு ஒரு ஸ்பிரிங், ராணுவ ரைஃபிளுக்கு மூலத் தோல்வார் என்று தேடினால் நாலாயிரம் மேஜைகளில் எங்கேயோ இருக்கும். அதைப் பற்றி முப்பது வருடம் படித்த ஒருவர் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவரிடம் அரைமணி பேசினால் கிடைக்கும் பாடத்துக்கு நுழைவுச்சீட்டுப் பணம் ஈடாகாது. பெரிய விலைப் பழம்பொருள் என்றால் பேச்சை மட்டும் நம்பாதே. கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு வரிசை எண்ணுக்குரிய பதிவைக் கடிதமாகத் தரும். பழைய வின்செஸ்டர் பதிவுகள் வயோமிங் மாநிலத்து கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காகிதம் இல்லாத கதைக்குக் காசு கொடுக்காதே.

பழைய துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவைக்கிறேன். கேட்காமல் தொடாதே. எடுத்ததும் திறந்து, காலியா என்று நீயே பார். முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. விரல் டிரிகருக்கு வெளியே. அனுமதி இல்லாமல் காலியாகக்கூட அழுத்தாதே, பலருக்குக் கோபம் வரும். சின்ன டார்ச் கொண்டு போய்க் குழலுக்குள் அடி: உள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், துருக் குழிகள் கூடாது. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது. பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் தேய்த்துப் புதுப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். சேகரிப்பவர் கண்ணில் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். 1968-க்கு முந்திய சில சாதாரண ரைஃபிள்களில் வரிசை எண்ணே இருக்காது, அது குற்றமில்லை. இருந்த எண்ணை அராவி எடுத்திருந்தால் தொடவே தொடாதே. பிளாஸ்டிக் பையில் விற்கும் வீட்டுத் தயாரிப்புத் தோட்டாக்களை வாங்காதே. யார், எவ்வளவு மருந்து அடைத்தார் என்று உனக்குத் தெரியாது. தொழிற்சாலை முத்திரை உடையாத பெட்டிதான்.

பேரம் பேச ஆசை இருந்தால் ஞாயிறு மதியத்துக்கு மேல் பேசு. கொண்டு வந்த பாரத்தைத் திரும்ப ஏற்ற யாருக்கும் மனம் இருக்காது. நல்ல சரக்கு வேண்டுமென்றால் சனி காலை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

என் யோசனை இதுதான். ஏப்ரலுக்கு முன் ஒரு பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து முடி. ஊரிலேயே வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை அங்கேயே வாங்கு. முதலில் வாங்க வேண்டியது துப்பாக்கி அல்ல, பூட்டும் பெட்டி. பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி வைப்பது டெக்சாஸில் குற்றம். உன் மகள் இப்போதுதான் நாற்காலி போட்டு ஏறப் பழகியிருக்கிறாள். ஷோவுக்குக் கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் பணம் எடுத்து வா. சனிக்கிழமை இங்கே சுற்றுவோம். இன்னொரு நாள் அரைமணித் தூரத்தில் கிளேர்மோரில் இருக்கும் ஜே.எம். டேவிஸ் அருங்காட்சியகத்துக்குப் போவோம். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் துப்பாக்கிகளை ஒரே இடத்தில் பார்த்தால், பழைய ரைஃபிளில் உனக்கு உண்மையிலேயே ஆசையா, வெறும் சந்தை மயக்கமா என்று உனக்கே தெரிந்துவிடும். ஆசைதான் என்றால் நவம்பர் ஷோவுக்கு மாடலும் விலை வரம்பும் எழுதிய தாளோடு வா, நானே மேஜை மேஜையாகக் கூட வருகிறேன்.

அக்காவிடம் இதையெல்லாம் நீயே சொல்லிவிடு. என்னிடம் கேட்டால் நான் மறைக்க மாட்டேன்.

கவிதாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் அன்பு.

உன் மாமா