பழைய போனில் புதிய சிம்

பாட்டியின் பழைய பட்டன் போனில் புதிய 4ஜி சிம் கார்டைப் போடுகிறீர்கள். டவர் கிடைக்கவில்லை. கார்டு கெட்டுவிட்டதா, போன் கெட்டுவிட்டதா? இரண்டும் நன்றாகவே இருக்கலாம்!

கார்டின் அளவு காரணமன்று. இன்றைய நானோ சிம் 12.3 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் உள்ளது. குறைந்தது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பொன்னிறத் தகட்டின் இணைப்புகள் பழைய வரிசையிலேயே உள்ளன. சட்டத்தில் பொருத்திச் செருகினால் போதும். (சட்டமின்றிச் செருகிவிட்டு வெளியே எடுக்கத் திண்டாடாதீர்கள்!)

சிம்மின் வேலை என்ன? அதனுள் ஓர் இரகசிய எண் இருக்கிறது. நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதை இரகசிய எண்ணுடன் சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை சரியானால் அனுமதி கிடைக்கும். அதாவது, சிம் ஓர் அடையாளச் சீட்டு. அலைகளை அனுப்புவதும் பெறுவதும் போனின் வேலை.

இங்கேதான் சிக்கல். 2ஜி முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தை எட்டு நேரப் பங்குகளாக்கி, எட்டுப் பேர் மாறி மாறிப் பயன்படுத்துவர். 4ஜியிலோ 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள பல மெல்லிய அலைகள் ஒரே சமயத்தில் செய்தியைச் சுமக்கும். இரண்டும் 1800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்தாலும், 2ஜி போனுக்கு 4ஜி புரியாத மொழியே.

2016இல் சேவை தொடங்கிய ஜியோவிடம் 2ஜி கிடையாது. ஆகவே அதன் கார்டு பாட்டியின் போனில் பேசாது. 2ஜியையும் சேர்த்து நடத்தும் நிறுவனத்தின் 4ஜி கார்டு என்றால், பெரும்பாலும் அதே போனில் மணி அடிக்கும். போனைக் குப்பையில் போடுமுன் இதைச் சோதித்துப் பாருங்கள்.