பயிற்சிப் பாடம் எழுதப் புகுந்த மகளுக்கு



தொழிற்சாலைகளுக்குக் கணினிவழிப் பயிற்சிப் பாடங்கள் தயாரிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்திருப்பதையும், பார்ப்பவர் மனம் அலுக்காதபடி அவற்றை அமைப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருப்பதையும் எழுதியிருந்தாய். படங்களையும் பின்னணி இசையையும் பற்றி நினைப்பதற்கு முன்னால், இந்தப் பாடத்தைப் படித்தவன் நாளைக்குத் தன் வேலையிடத்தில் எந்தக் காரியத்தை வேறுவிதமாகச் செய்யப் போகிறான் என்ற கேள்விக்கு விடை தேடிக்கொள். சுவாரஸ்யம் அந்த விடையிலிருந்து பிறக்க வேண்டுமே அன்றி, வெளியிலிருந்து பூசி வருவதன்று.

தொழிலாளர் விதிகளைப் பின்பற்றுவதில்லை, ஆகவே ஒரு பாடம் வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டால், உடனே எழுதத் தொடங்கிவிடாதே. உயிர் போகும் நெருக்கடி வந்தால்கூடத் தொழிலாளியால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாதா என்று கேட்டுப் பார்க்கும்படி ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-ல் வெளியிட்ட நூலில் யோசனை கூறினார்கள். முடியும் எனில் குறை அறிவில் இல்லை; ஸ்டோரில் போதிய பூட்டுகள் இல்லாத குறையை எந்தப் பாடமும் தீர்க்காது.

பூட்டு என்றதன் காரணத்தைச் சொல்கிறேன். பழுதுபார்க்கும் முன் இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதன் ஷரத்துகளைத் திரைதிரையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ‘அடுத்து’ என்ற பொத்தானை வைத்தால், படிப்பவன் வாசகத்தை விட்டுவிட்டுப் பொத்தானை மட்டுமே அழுத்திக்கொண்டு போவான். அதற்குப் பதிலாக, ஷிப்டு முடியும் தறுவாயில் சூப்பர்வைசர் அவசரப்படுத்த, சுவிட்சில் வேறொருவனுடைய பூட்டுத் தொங்க, அவன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று பக்கத்திலிருப்பவர்கள் சொல்ல, இப்பொழுது நீ என்ன செய்வாய் என்று படிப்பவனையே கேட்டுவிடு. பூட்டை அறுப்பதா, அல்லது உரியவன் வளாகத்தில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அதிகாரம் பெற்றவர் மூலம் முறைப்படி அகற்றுவதா என்று அவனே தீர்மானிக்கட்டும். தவறிப் போனால் சிவப்பு எழுத்தில் கண்டிக்காமல், பூட்டுக்குரியவன் இயந்திரத்தின் பின்புறம் இன்னும் குனிந்திருந்தான் என்ற விளைவைக் காட்டு.

இது புதிய உபாயம் அன்று. முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் துறைகளில் தொழில் கற்பிப்போரைப் பழக்கிய சார்லஸ் ஆலன், 1919-ல் எழுதிய நூலில், மனத்தை ஆயத்தப்படுத்தல், எடுத்துக்காட்டல், செய்ய வைத்தல், சோதித்தல் என நான்கு படிகளை வகுத்தார். சாதனங்கள் எவ்வளவோ மாறிய பின்னும், பாடங்கள் பலவும் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுவதுதான் அலுப்புக்கு மூல காரணம் என்பது என் அபிப்பிராயம்.

திரைக்கும் சில நியதிகள் உண்டு. படம் ஓடும்போது குரல் சொல்வதை அப்படியே எழுத்திலும் போட்டால், கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே அலைந்து கற்றல் குன்றுகிறது என்று ரிச்சர்ட் மேயரின் பரிசோதனைகள் காட்டுகின்றன. காது கேளாதவர்க்கும் மொழி பழகாதவர்க்கும் வேண்டும்போது எழுத்தை வரவழைத்துக்கொள்ளும் வசதி இருக்கட்டும். கற்றது எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். ஆகையால் ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் திணிப்பதைவிட, பத்து நிமிஷப் பாடமும், ஒரு வாரமும் ஒரு மாதமும் கழித்து ஞாபகத்திலிருந்து விடை சொல்லச் செய்யும் சில கேள்விகளும் அதிகப் பிரயோஜனம் தரும். மனப்பாடம் வேண்டாதவற்றை இயந்திரத்தின் பக்கத்திலேயே ஓர் அட்டையில் எழுதி ஒட்டச் சொல்.

பாடத்தை முடித்தவர் நூற்றுக்கு நூறு என்ற கணக்கைக் கண்டு மகிழ்ந்துவிடாதே. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் வகுக்கத் தொடங்கிய மதிப்பீட்டு வரிசையில், கற்றவர் திருப்தி முதலாவது. பெற்ற அறிவு இரண்டாவது. வேலையிடத்தில் மாறிய நடத்தை மூன்றாவது. ஸ்தாபனத்துக்கு விளைந்த பயன் நான்காவது. முடித்தவர் தொகைக்கு அதில் இடமே இல்லை.

ஆகவே அம்மா, அடுத்த பாடத்தை எழுத உட்காருமுன், அந்த வேலையைச் செய்பவர்களோடு ஒரு ஷிப்டு முழுவதும் நின்று, எங்கே தயங்குகிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள், ஏன் என்று சிரத்தையோடு கேட்டு வா. எழுதியதை முதலில் அவர்களில் இரண்டு பேரிடம் காட்டி, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்திய பிறகே அதிகாரிகளிடம் கொண்டுபோ.

இப்படிக்கு,
உன் பெரியப்பா