கடைக்கு உதவும் சிறிய சி.என்.சி. ரவுட்டர்: வணிகர்களுக்கு ஒரு பாடம்



அரிசி, பருப்பு, வற்றல் என்று சரக்குக் கணக்குப் பேசும் நம் இதழில் மரம் செதுக்கும் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போகிறார், நம் கடைக்கும் வருகிறார். அங்கே ஒவ்வொரு சரக்குக்கும் பெயரும் விலையும் தெளிவாக இருக்கின்றன. இங்கே அட்டையில் பேனாவால் எழுதியது ஈரம் பட்டு அழிந்து கிடக்கிறது. விலை தெரியாத சரக்கைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு. நம் சரக்கு தரமானதாக இருந்தும் வியாபாரம் கைநழுவுகிறது. இந்தக் குறையைப் போக்க மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு சிறு இயந்திரம் எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இயந்திரம் எப்படிப்பட்டது?

ரவுட்டர் என்பது வேகமாகச் சுழலும் பிட்டைக் கொண்டு மரத்தைக் குடையும் கருவி. தச்சுப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அதைக் கையால் பிடிக்காமல் கணினியின் கட்டளைப்படி நகர்த்துவதே சி.என்.சி. ரவுட்டர். எண்களைக் கொடுத்து இயந்திரத்தை நகர்த்தும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1952-லேயே துளையிட்ட நாடாவைக் கொண்டு இயங்கும் துருவல் (மில்லிங்) இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். அன்று ஓர் அறையை அடைத்த கட்டுப்பாட்டுக் கருவி இன்று உள்ளங்கை அளவுச் சிறு பலகையில் அடங்கிவிட்டது. 2009-ல் வெளிவந்த 'ஜிஆர்பிஎல்' என்ற இலவச மென்பொருளே இன்றைய சிறு இயந்திரங்கள் பலவற்றின் மூளை.

கடைக்காரருக்கு ஏற்றது '3018' என்று சொல்லப்படும் வகை. 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் வரை வேலை செய்யும் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஒரு ஆள் தூக்கிச் செல்லலாம். பெரிய கடைப் பலகையை இதில் ஒரே தடவையில் செய்ய முடியாது என்பதை வாங்கும் முன்பே மனத்தில் கொள்க. கையில் பிடித்து ஓட்டும் வகையும் உண்டு. அதிலுள்ள கேமரா பலகையில் ஒட்டிய புள்ளி நாடாவைப் பார்த்துப் பிட்டைத் தானே திருத்திக்கொள்ளும். பெரிய பலகையிலும் வேலை செய்யும். ஆனால் விலை பல மடங்கு. நமக்கு முதல் வகையே போதும்.

வேலை நடக்கும் மூன்று படிகள்

1. படம்: இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் எழுத்தையும் கோட்டையும் வரைந்து கொள்வது.

2. பாதை: எந்தப் பிட், எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று கொடுத்தால், பிட் செல்ல வேண்டிய வழியை மென்பொருள் எண்களாக எழுதித் தரும். இதற்கு ஜி-கோடு என்று பெயர். சிட்டையில் வரிவரியாகச் சரக்கு எழுதுவது போலத்தான். ஒவ்வொரு வரியும் 'இங்கே போ, இவ்வளவு இறங்கு' என்று சொல்லும்.

3. ஓட்டம்: கேண்டில், யு.ஜி.எஸ். போன்ற மென்பொருள் அந்த வரிகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்கு அனுப்பும்.

இயந்திரத்துக்கு எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று திசைகள். பக்கவாட்டு எக்ஸ், முன்பின் ஒய், மேல்கீழ் இசட். வேலை தொடங்கும் மூலையைப் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். இசட் பூஜ்யத்துக்குப் பலகை மேல் ஒரு துண்டு பில் தாளை வைத்து, பிட்டை மெல்ல இறக்கி, தாள் இழுபடாமல் பிடிக்கும் இடத்தில் நிறுத்துவது எளிய வழி. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழி இங்கே பிட்டுக்கும் பொருந்தும்.

தராசைச் சோதிப்பது போல இயந்திரத்தையும் சோதியுங்கள்

புதுத் தராசில் எடைக்கல் வைத்துப் பார்க்காமல் நாம் வியாபாரம் தொடங்குவதில்லை. இதற்கும் அதுவே விதி. இந்த வகையில் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. ஒவ்வொரு படியும் 16 சிறு படியாகப் பிரிக்கப்படுகிறது. ஆகச் சுற்றுக்கு 3,200. திருகு ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தும் என்றால் ஒரு மி.மீ.க்கு 800 படி. 100 மி.மீ. நகரச் சொல்லி, அளந்து பாருங்கள். 98 மி.மீ. மட்டுமே நகர்ந்தால் 800-ஐ 100-ஆல் பெருக்கி 98-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 816 வரும். அந்த எண்ணை அமைப்பில் பதிந்து, மறுபடி அளந்து உறுதி செய்து கொள்ளுங்கள். மூன்று திசைக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

பிட்டும் பலகையும்

இந்த இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 3.175 மி.மீ., அதாவது எட்டில் ஒரு அங்குலத் தண்டுள்ள பிட்டுகள் வரும். தட்டை முனைப் பிட் குழி எடுக்கவும் அறுக்கவும் உதவும். 'வி' முனைப் பிட் எழுத்துக்கு. தொடக்கத்தில் எம்.டி.எஃப். பலகைக்கு ஒரு தடவைக்கு அரை முதல் ஒரு மி.மீ. ஆழமும், நிமிடத்துக்கு 300 முதல் 500 மி.மீ. வேகமும் வையுங்கள். 6 மி.மீ. பலகையை ஒரே தடவையில் அறுக்கப் பார்த்தால் பிட் ஒடியும். பதறாத காரியம் சிதறாது.

அக்ரிலிக் வாங்கும்போது வார்ப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்ற வகை சூட்டில் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். வார்ப்பு வகையிலும் பிட் ஒரே இடத்தில் நின்று சுழன்றால் உருகும். ஆகவே நகர்வு தடைபடக்கூடாது.

தமிழ் எழுத்தில் கவனம்

நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். வெளிநாட்டில் செய்த சில மென்பொருள்களில் தமிழை நேரடியாகத் தட்டினால் 'கொ' என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகவே தமிழை இன்க்ஸ்கேப்பில் தட்டி, எழுத்துகள் சரியா என்று பார்த்து, அவற்றைக் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து எடுத்துச் செல்லுங்கள். பிறகு எழுத்து மாறாது. மெல்லிய எழுத்துருவைத் தவிர்த்துத் தடித்ததையே எடுங்கள். 'ழ', 'ணு' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் பிட் நுழைய இடம் வேண்டும். செதுக்கும் முன் தாளில் அச்சடித்து, வீட்டில் வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மரத்தில் விழுந்த எழுத்துப் பிழையை ரப்பரால் அழிக்க முடியாது.

கடைக்குப் பயன்படும் ஐந்து வேலைகள்

ஒன்று, விலைப் பலகை. 12 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத் துண்டில் 'துவரம் பருப்பு', 'உளுந்து' என்று சரக்கின் பெயரைச் செதுக்குங்கள். விலையைச் செதுக்காதீர்கள், அது நாளுக்கு நாள் மாறுவது. கீழே 2 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் விட்டு, விலை எழுதிய அட்டையைச் செருகிக்கொள்ளலாம். பெயரில் கறுப்புப் பெயிண்ட் நிரப்பி, காய்ந்ததும் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கும்.

இரண்டு, மூட்டைக்கு மார்க்கா. மொத்த வியாபாரிகளான எங்களுக்கு அதிகம் பயன்படுவது இதுதான். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் மார்க்காவை வெட்டி, சாக்கின் மேல் வைத்து மை தடவினால் ஒரே மாதிரி விழும். லாரி ஷெட்டில் சரக்கு மாறிப் போகும் வம்பு குறையும். 'க', 'அ', 'த' போன்ற எழுத்துகளில் மூடிய சுழி இருப்பதால் உள்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடிக்க 3 மி.மீ. அகலத்தில் சிறு பாலம் விட்டு வரைய வேண்டும்.

மூன்று, துணிப்பைக்கு அச்சுக்கட்டை. தமிழக அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சள் பையில் நம் கடைப் பெயரை நாமே அச்சிட, எழுத்து மேடாக நிற்கும்படி சுற்றிலும் 3 மி.மீ. குடைந்த கட்டை போதும். கண்ணாடியில் தெரிவது போல எழுத்தை இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். மறந்தால் கட்டை வீண்.

நான்கு, சில்லறைத் தட்டு. 2019-ல் வெளியான வரிசையில் 5 ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மி.மீ., 10 ரூபாய்க்கு 27 மி.மீ. பழைய நாணயங்களின் அளவு வேறுபடுவதால் கல்லாவில் உள்ளதை அளந்தே தொடங்குங்கள். 5 ரூபாய்க்கு 26 மி.மீ. குழி, குழிக்குக் குழி 30 மி.மீ. தூரம் என்று வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை போட்டால் 20 குழி. ஐந்து நாணயங்களை அடுக்கி உயரத்தை அளந்து, அதே ஆழம் குடையுங்கள். தட்டு நிரம்பினால் 100 நாணயம், 500 ரூபாய். எண்ணவே வேண்டாம், ஒன்று குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்து, சட்டப்படி வைக்க வேண்டிய பலகைகள். 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. விதிகளின்படி பதிவு எண் கடை வாசலின் பெயர்ப் பலகையில் இருக்க வேண்டும். அது 15 இடங்கள் கொண்டது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்கள் அந்த விவரத்தையும் தெரியும்படி எழுத வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். எண்ணை ஒருவர் படிக்க, மற்றவர் சரிபார்த்த பிறகே செதுக்குங்கள். பெயர்ப் பலகையில் தமிழே முதலில், பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் நம் மாநில விதி.

யு.பி.ஐ. கட்டத்தையும் செதுக்கலாம். வெளிர் பலகையில் கறுப்பு நிரப்பி, சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடம் விட வேண்டும். 16 செ.மீ. அளவில் செய்தால் பிட்டுக்கு வசதி. தொங்கவிடும் முன் இரண்டு மூன்று போன்களில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, நம் கணக்கில்தான் வரவானதா என்று உறுதி செய்க. கடைகளில் ஒட்டிய தாளின் மேல் தங்கள் தாளை ஒட்டிப் பணம் பறித்த மோசடிகள் நடந்துள்ளன. செதுக்கிய பலகை மேல் எதை ஒட்டினாலும் தடவிப் பார்த்தாலே தெரியும். தினமும் காலையில் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

செய்யக்கூடாதவை

படி, உழக்கு, எடைக்கல் போன்ற அளவைகளை இதில் செய்து வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட அளவையே செல்லும்.

சரக்கு இருக்கும் இடத்தில் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. எம்.டி.எஃப். தூள் மெல்லியது; அதில் பசையும் கலந்திருக்கிறது. திறந்த அரிசி மூட்டையில் அது விழுந்தால் நம் பெயரும் சேர்ந்து விழும். தனி அறை, தூளை உறிஞ்சும் கருவி, மூக்குக் கவசம், கண்ணாடி ஆகியவை அவசியம். தோளில் துண்டோடு நிற்பதும், கையுறை போட்டுக்கொண்டு பிட்டின் அருகே கை வைப்பதும் ஆபத்து. சுழலும் பிட் துணியைச் சுற்றி இழுக்கும். ஓடும் இயந்திரத்தைச் சிறுவர் பொறுப்பில் விட்டுக் கல்லாவுக்குப் போகாதீர்கள். சில இயந்திரங்களுடன் லேசர் முனையும் வரும். அதற்குரிய கண்ணாடி இல்லாமல் இயக்கக்கூடாது. பி.வி.சி. தகட்டை லேசரால் எரித்தால் நச்சுப் புகை வரும்.

பாதியில் மின்சாரம் போனால் பிட் நின்ற இடத்தை இயந்திரம் மறந்துவிடும், பலகை வீணாகும். யு.பி.எஸ். வைத்திருப்பது நல்லது.

லாபக் கணக்கு

எதையும் கணக்குப் போட்டு வாங்குவதே நம் தொழில் தர்மம். உதாரணத்துக்கு இயந்திரமும் உபரிகளும் 25,000 ரூபாய் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 700 ரூபாய். பலகை, பிட், மின்சாரம், நம் நேரம் தனி. பலகை வேலைக்கு மாதம் அந்த அளவு வெளியே கொடுக்காத கடைக்கு இது தேவையில்லை. முடங்கிய முதலுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் ஒரே வீதியில் ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் தலைக்கு மாதம் 140 ரூபாய்தான். சங்கக் கிளை ஒன்று வாங்கி, உறுப்பினருக்கு முறை வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறோம். நமக்குப் பல வருடமாகப் பலகை எழுதித் தந்த ஓவியரையும் தச்சரையும் இதைக் காரணம் காட்டிக் கைவிட வேண்டாம். எழுத்தின் அழகும் மரத்தின் குணமும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களையே இந்த இயந்திரத்தில் பழக்கினால் வேலை திருத்தமாக வரும். அவர்கள் வருமானமும் நிற்காது. அவர்களும் மாலையில் நம் கடையில் பருப்பு வாங்குகிறவர்கள்தாமே.

முதல் மாதம் விலைப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். செலவறிந்து செய்வோம், சிறு கடையும் சிறந்து நிற்கும். வளர்க வணிகம்!