பின் பிரேக்கை மாற்றும் முன்...

“பின் பிரேக் சரியா பிடிக்கல அண்ணே, டிஸ்க் போட்டுடலாமா?” ஆரணியில் பட்டு நூலும் சேலைக் கட்டும் ஏற்றிச் செல்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயம்தான். பின்னால் சுமை ஏற ஏற, பின் பிரேக்கின் வேலையும் கூடும்.

ஆனால் டிரம்மை எடுத்து டிஸ்க் போட, ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாமே மாற வேண்டும். 2019 ஏப்ரல் முதல், 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். சி.பி.எஸ். உள்ள பைக்கில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்த இணைப்பைக் கெடுத்துவிடக் கூடாது.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

முதலில் இதைப் பாருங்க:

1. பிரேக்கை முழுசா மிதிக்கும்போது, சக்கரத்தருகே உள்ள தேய்மானக் குறிமுள் எல்லைக்கோட்டைத் தொட்டால், பிரேக் ஷூவை மாத்துங்க. கம்பெனி ஷூவே வாங்குங்க.
2. டிரம்மின் உள்பக்கம் ஆழமா வரி விழுந்திருந்தா, ஷூ மட்டும் மாத்தி பயனில்லை.
3. ஷூவில் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது.
4. மிதியின் தளர்வு, கையேட்டில் சொன்ன அளவில் இருக்கட்டும். பின்விளக்கு எரிகிறதா என்றும் பாருங்க.

அனேகமாக இதிலேயே பிரேக் நன்றாகப் பிடிக்கும். பிறகும் டிஸ்க் வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்க.