ஆசிரியராக விரும்பும் தோழிக்கு

உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவியரில் "டீச்சராகப் போகிறேன்" என்று சொல்வோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அது மகிழ்ச்சியான செய்தி. அடுத்து அவர்கள் கேட்பது, "எந்தக் கம்பஸ் வீட்டுக்குக் கிட்ட?" என்பதுதான். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தப் பாடத்தை, எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு, எந்த மொழியில் கற்பிக்கப் போகிறோம்?

நம் நாட்டில் ஆசிரியராவதற்குப் பல வழிகள் உள்ளன. முதலாவது, நான்கு வருடக் கல்விமாணிப் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் இதனை வழங்குகிறது. பாட அறிவோடு கல்வி உளவியல், கற்பித்தல் முறைகள், பாடசாலையில் கற்பித்தற் பயிற்சி எல்லாம் இதில் சேர்ந்தே வரும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசிப்பவர் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

இரண்டாவது, கலைப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ பெற்று, ஆசிரியரான பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா கற்பது. உயர்தர வகுப்புகளுக்கு ஒரு பாடத்தை ஆழமாகக் கற்பிக்க விரும்புவோருக்கு இது பொருந்தும்.

மூன்றாவது, தேசிய கல்வியியற் கல்லூரிகள். அட்டாளைச்சேனை, தர்கா நகர் உட்பட பல இடங்களில் இவை உள்ளன. இரண்டு வருடம் அங்கே தங்கிக் கற்று, மூன்றாம் வருடம் பாடசாலையொன்றில் பயிற்சி பெற வேண்டும். கிடைப்பது டிப்ளோமா. சேவையில் இருந்துகொண்டே மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தில் பின்னர் கல்விமாணியும் கற்கலாம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை விரும்பும் தோழிகள் இவ்வழியைக் குறைவாக எண்ண வேண்டாம். இதற்கு விண்ணப்பம் கோருவது கல்வி அமைச்சு. ஆகவே வர்த்தமானியைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

நாவலயிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்விப் பீடம் உண்டு. அங்கு கட்டணம் செலுத்த வேண்டும். ஆனால் தொழில் செய்துகொண்டே கற்கலாம்.

இனி விண்ணப்பப் படிவம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும். நமது இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் வரிசையில் முதலில் இருப்பதே தரப்படும். கிட்ட இருக்கிறதென்று விரும்பாத ஒன்றை மேலே எழுதினால், கீழே எழுதிய விருப்பமானது புள்ளி போதுமாயிருந்தும் கிடைக்காமற் போகலாம். பல கற்கைநெறிகளுக்கு வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். புத்தளத்திலுள்ள மாமி மகளுக்குக் கிடைத்தது, அதே புள்ளியுடன் கொழும்பிலுள்ள நமக்குக் கிடைக்காதிருக்கலாம்.

மொழியையும் மறக்கக் கூடாது. விஞ்ஞான பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. நான் இணைந்த கணிதம் கற்கிறேன். கணித ஆசிரியராவதே என் எண்ணம். ஆங்கிலத்தில் கற்றாலும் தமிழில்தான் கற்பிக்க விரும்புகிறேன். தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் போதாது என்பது நம் பெற்றோர் அடிக்கடி பேசும் குறை. எனவே கலைச்சொற்களை இரு மொழியிலும் இப்போதே குறித்து வைக்கிறேன். என் வரிசையில் கொழும்பு விஞ்ஞான பீடம் முதலாவது, பேராதனை இரண்டாவது, யாழ்ப்பாணம் மூன்றாவது. மூன்றிலும் நான் விரும்பும் பாடம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளைத் தூரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்குவது இயல்பு. ஆனால் பட்டப்படிப்பு நான்கு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆசிரியப் பணி முப்பது வருடம் நீளும். விரும்பாத பாடத்தை அத்தனை வருடம் கற்பிப்பவரிடம் எத்தனை பிள்ளைகள் அப்பாடத்தை வெறுத்துப் போவார்கள்! விடுதி எப்படி, அங்கு கற்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யார், மஹாபொல உதவி கிடைக்குமா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள். பெறுபேறு வருமுன்பே கைநூலை எடுத்து, மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். இன்ஷா அல்லாஹ், படிவம் நிரப்பும் நாளில் வீட்டில் வாக்குவாதம் இருக்காது.