இளையோருக்கும் எட்ட வேண்டிய சேவை

கேள்வி: திருமணமாகாத இளம்பெண்கள் அரசு மருத்துவமனையில் கருத்தடை ஆலோசனையும் உதவியும் பெற முடியுமா?

பதில்: முடியும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்குக் கருத்தடைச் சாதனம் தர, திருமணச் சான்று வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. 2014இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் மையங்கள், 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு மாதவிடாய், பாலியல் நலம், கருத்தடை குறித்து ஆலோசனை தருகின்றன. ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி ஆகியவற்றுடன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாதுகாப்பற்ற உறவு நேர்ந்தால், அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை விரைவாக உட்கொள்ள வேண்டும்.

கருக்கலைப்பிலும் மணநிலை தடையில்லை. விதிகள் குறிப்பிடும் சூழல்களில் 24 வாரம்வரை கருவைக் கலைக்கும் உரிமை திருமணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயதுக்குட்பட்டவர் எனில் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை.

உரிமை இருந்தும் இளையோரைத் தடுப்பவை, ஊழியரின் கண்டிப்பான பார்வையும் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும்தான். தனி அறை, கல்லூரி முடிந்த பிறகான நேரம், ரகசியம் காக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் ஆகிய மூன்றும் அமைந்தால் இச்சேவை உரியவர்களைச் சென்றடையும்.