குழாய் அடித்தால் தண்ணி வருமா?

வெயில் காலத்தில் பீலித் தண்ணீர் நூலாக வடியத் தொடங்கினால், "பள்ளத்துல ஒரு குழாய அடிச்சிப் பார்ப்போமே" என்று லயத்தில் பேச்சு வரும். வீட்டுக்கு வீடு காசு சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்.

அடித்து இறக்கும் குழாய்க் கிணறு என்றால் என்ன?

இரும்புக் குழாயின் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே துளையும் சல்லடையும் வைத்து, நிலத்துக்குள் அடித்து இறக்குவார்கள். தண்ணீர் தட்டியதும் மேலே கைப்பம்பு பூட்டுவார்கள். 1868இல் அபிசீனியாவுக்குப் (இன்றைய எத்தியோப்பியா) போன பிரிட்டிஷ் படை இம்முறையைப் பயன்படுத்தியதால், 'அபிசீனியக் கிணறு' என்றும் பெயர் உண்டு.

நம்ம மலைக்குச் சரி வருமா?

மணலும் சிறுகல்லும் உள்ள நிலத்துக்கே இது ஏற்றது. பாறையில் குழாய் இறங்காது. களிமண்ணில் இறங்கினாலும் தண்ணீர் போதிய அளவு ஊறாது. ஆற்றோரத்து மணல் பள்ளத்தில் மட்டும் முயன்று பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். பம்புக்குத் தண்ணீரை ஏற்றித் தருவது காற்றின் அழுத்தம். கடலோரத்தில் சுமார் 25 அடி ஆழத்திலிருந்து இழுக்கலாம். 6,000 அடிக்கு மேல் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே 20 அடியே எல்லை. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் பம்பு வெறுங்காற்றைத்தான் இழுக்கும்.

தண்ணி தெளிவா இருந்தா போதுமா?

போதாது. ஆழம் குறைந்த தண்ணீரில் மேலே உள்ளதெல்லாம் இறங்கும். மேட்டில் மலசலகூடக் குழி இருந்தால் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வரலாம். கற்பிட்டியின் மணல் நிலத்தில் பயிருக்குப் போட்ட உரம் கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து.

செய்ய வேண்டியவை:

1. முதலில் இருக்கிற ஊற்றைக் காப்பாற்றுங்கள். அதைச் சுற்றி வேலி போட்டு, மேற்புறம் மழைத்தண்ணீர் விலகிப் போகக் கான் வெட்டுங்கள். ஊற்றுக்கண்ணை மூடிய தொட்டியாகக் கட்டுங்கள்.

2. மலசலகூடம் ஊற்றுக்கு மேட்டில் வேண்டாம். 100 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

3. குழாய் அடித்தே ஆக வேண்டுமானால், குழாயைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதித்த பிறகே குடியுங்கள்.

4. எந்தத் தண்ணியானாலும் கொதிக்க வைத்து ஆறிய பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.